படத்தின் பெயர் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

‘உங்களைப் பாதித்த படங்கள் எவை?’ என்று இயக்குநர்களிடம் கேட்கும் பேட்டிகள் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. எந்தக் காட்சி, அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்றும் கேளுங்கள்.

வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் 1950-ல் லண்டனில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். நட்சத்திரங்கள் இல்லாமல், நிஜ இடங்களிலேயே படமெடுக்கலாம் என்ற துணிச்சலை அது தந்தது. நிஜ இடம் கைகொடுக்காதபோது என்ன செய்தார்கள் என்பது அதைவிடச் சுவையானது. ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்கு (1956) காசி வீட்டு முற்றத்தை, மழைக்குப் பயந்து ஸ்டுடியோவுக்குள் செட் போட்டார்கள். விளக்கை நேரே அடித்தால் ஆளுக்கு இரண்டு மூன்று நிழல் விழும். வானம் பார்த்த முற்றம் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மீது அடித்து, திரும்பி இறங்கிய மெல்லிய வெளிச்சத்தில் எடுத்தார். இவ்வளவு விவரம் வந்தால் ஓர் உதவி இயக்குநர் நாளைக்கே செய்து பார்ப்பார்.

ஆண்டும் இயக்குநர் பெயரும் கட்டாயம் வேண்டும். ‘தேவதாஸ்’ என்று மட்டும் அச்சிட்டால் 1935, 1953, 1955, 2002 இவற்றில் எந்தப் படத்தைத் தேடுவது?

- வாசகர் ஒருவர்