நாலாம் வகுப்புப் பையனைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள சரசு,

உன் இரண்டு வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். வாட்ஸ்அப்பில் நாலு வரி பதில் போட்டால் நீ அதற்குப் பத்துக் கேள்வி கேட்பாய் என்பது தெரிந்த விஷயம், அதனால்தான் இந்த மெயில். மாறுதல் கிடைத்துக் கோவில்பட்டிப் பக்கமே போய்ச் சேர்ந்தது, அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சின்னவள் பயாலஜி எடுத்தது எல்லாமே சந்தோஷம். என் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. முட்டி வலி அப்படியே இருக்கிறது, வீட்டு ஓனர் வாடகையை ஏற்றிவிட்டார், வேலை, படிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளைப் பார்க்கிற அதே பல்கலைக்கழக கிளினிக்கில் அதே கான்ட்ராக்டில் ஓடுகிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதும் மாறவில்லை.

சரி, உன் பையன் விஷயம், அதாவது உன் வகுப்பில் வாசிக்க எழுத வராமல் துறுதுறுவென்று இருக்கிற அந்த நாலாம் வகுப்பு மாணவன், அவனை எங்கள் கிளினிக்குக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாயே.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறான், மனக்கணக்கு போடுகிறான், ஆனால் போர்டைப் பார்த்து எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறது. ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்று வாசிக்கிறான். கவனித்தாயா, கொம்பைப் பிடித்துக்கொண்டு காலை விட்டுவிடுகிறான். தமிழில் இது ஒரு தொல்லை, ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கும், ‘கொ’வில் இரண்டு பக்கமும் நிற்கும், எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்பில் இதில் தடுமாறத்தான் செய்வார்கள். அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தருகிற அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மூன்று வருஷம் படித்தவன் நாலாம் வகுப்பிலும் அதே இடத்தில் நிற்கிறான் என்றால் பார்க்கத்தான் வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் பின்தங்கிய பிள்ளை வேறு, சொல்லிக்கொடுத்தும் பிடிபடாத பிள்ளை வேறு. அந்த வித்தியாசம் உனக்குத் தெரிந்த அளவு எங்கள் டாக்டருக்குத் தெரிய வழியில்லை.

அதனால் கற்றல் குறைபாடு என்று ‘சர்டிபிகேட் வாங்கிவிட்டால் நமக்கும் நல்லது’ என்று உங்கள் ஹெச்.எம். சொன்னதை இப்போதைக்கு ஒரு ஓரமாக வை. அந்தப் பேப்பரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் இங்கே யார் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள், ஏனென்றால் அம்மா அப்பாவிடம் நீதான் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும், அவர்கள் ஏதோ ஸ்கேன் எடுப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள் என்று நினைத்து வருவார்கள். இதற்கு ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை.

வந்தவுடன் குழந்தை டாக்டர் பார்ப்பார். கண்ணும் காதும் முதலில். இது என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதே. 1896-ல் லைட்னர் விட்மர் என்பவர் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார் என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அந்தக் கிளினிக்குக்கு வந்த முதல் பையனே ஸ்பெல்லிங் வராத பதினாலு வயதுப் பையன்தான், பரிசோதித்துப் பார்த்தால் கண்ணிலும் கோளாறு இருந்தது, கண்ணாடி போட்டபின் பயிற்சி தொடர்ந்தது. அவனை அங்கே கூட்டிக்கொண்டு போனது யார் தெரியுமா? அம்மாவும் இல்லை, டாக்டரும் இல்லை. மார்கரெட் மகுவையர் என்கிற ஒரு டீச்சர்! நமக்கு நடத்தியவர்கள் இதைச் சொல்லவே இல்லை பார். அதே வருஷம் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் பெர்சி என்று ஒரு பையனைப் பற்றி எழுதினார், அவனுக்கும் பதினாலு வயது, தன் பெயரையே ‘பிரெசி’ என்று எழுதியவன். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவனுடைய வாத்தியார் சொன்னதையும் டாக்டர் அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். நீ உன் பையனைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய அதுதானே?

டாக்டருக்குப் பிறகு சைக்காலஜிஸ்ட். எங்களுக்கு இருந்த இரண்டு பேரில் ஒருவர் தனியாக கிளினிக் போட்டுப் போய்விட்டார், இன்னொருவர் தலையில் எல்லாம் விழுந்து அப்பாயின்ட்மென்ட் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. ஐ.க்யூ. டெஸ்ட் ஒரு நாள், வாசிப்பு எழுத்து கணக்குக்கான டெஸ்ட் இன்னொரு நாள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்காரர்கள் தயாரித்த ‘பேட்டரி’, அதாவது பல டெஸ்ட்கள் சேர்ந்த தொகுப்புதான் பெரும்பாலும். அதில் 5 முதல் 7 வயதுக்கு ஒரு நிலை, 8 முதல் 12 வயதுக்கு ஒரு நிலை. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து அளந்தால் என்ன கிடைக்கும் என்று நான் கத்திக் கத்தித்தான் இப்போது நம் பாடப்புத்தகங்களையே, அவன் வகுப்புக்கு ஒன்று இரண்டு வகுப்பு கீழே இருப்பதையும் சேர்த்து, எடுத்து வைத்து வாசிக்கச் சொல்கிறோம். தமிழ்ப் பிள்ளை இங்கிலீஷில் திக்கினால் குறைபாடு என்று எழுதிவிடுவதைப்போல அநியாயம் வேறில்லை.

ஸ்பீச் தெரபிஸ்ட் நம்மைவிட வயதில் சின்னப் பெண், படு சுறுசுறுப்பு. ஒலிகளைப் பிரிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பாள். “‘மரம்’ல ‘ம’வை எடுத்துட்டா மிச்சம் என்ன?” என்று போன வாரம் ஒருவனைக் கேட்டாள், அவன் யோசித்து “ரம்” என்றான், சொல்லிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான் பார், அந்த மனிதர் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். விடை சரிதான், ஆனால் வார்த்தையை மாற்று என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த அப்பாவைப் பற்றியே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லேத் பட்டறை வைத்திருக்கிறார், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறார். பெற்றோர் நிரப்ப வேண்டிய படிவத்தைக் கொடுத்தால் வாங்கிப் பார்த்துவிட்டு மனைவியிடம் தள்ளினார், அந்த அம்மா பையனை அழைத்துக்கொண்டு பாத்ரூம் போனபோது கண்ணாடி எடுத்து வரவில்லை என்று என்னிடம் நீட்டினார். சட்டைப் பையில் கண்ணாடி இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல் வாசித்துக் காட்டினேன், பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, “மேடம், இதெல்லாம் நான்தான்” என்றார். குடும்பத்தில் வழிவழியாக வருகிற விஷயம் என்பது பாடத்தில் படித்ததுதான், ஆனாலும் நாற்பது வயது ஆள் வாயால் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அவரை எங்கள் சோஷியல் ஒர்க்கரிடம் உட்காரவைத்தேன், ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அக்காதான் எங்கள் கிளினிக்கின் முதுகெலும்பு, ஆங்கிலத்தில் ஆறு பக்கம் வரும் ரிப்போர்ட்டைத் தமிழில் உட்கார்ந்து விளக்குவதும் அவர்தான். ரிப்போர்ட்டையே தமிழில் எழுதினால் என்ன என்று கேட்டால் மேலே இருப்பவர்கள் ஏதோ ஆகாத வார்த்தையைக் கேட்டதுபோல் பார்க்கிறார்கள்.

இனி நீ முக்கியமாகக் கேட்டது, அவன் துறுதுறுப்பு. கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்புமான ஏ.டி.ஹெச்.டி.யும், டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புச் சிக்கலும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருப்பது சகஜம், ஆனால் ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதே. வாசிக்க வராத பிள்ளை போரடித்துப்போய் எழுந்து ஓடுவதும் உண்டு. இங்கே பிரச்சினை என்னவென்றால், எங்கள் அறை ஏ.டி.ஹெச்.டி.யைக் கண்டுபிடிக்கவே லாயக்கில்லாத இடம். அமைதியான ரூம், புது ஆள், எதிரே ஒரே ஒரு மேடம், கையில் கலர் கலராகச் சாமான். எப்பேர்ப்பட்ட வாலும் அரை மணி நேரம் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பான்! அதை வைத்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட முடியாது. “போன் கொடுத்தா ரெண்டு மணி நேரம் அசையாம இருக்கானே மேடம், இவனுக்கா கவனக்குறைவு?” என்று கேட்காத அம்மாவே கிடையாது. போனில் நொடிக்கு நொடி ஏதோ ஒன்று பரிசாக வந்துகொண்டே இருக்கிறது, ஏழாம் வாய்ப்பாட்டில் அப்படி எதுவும் வருவதில்லையே. ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைகளுக்குக் கஷ்டம் அந்த இரண்டாவது இடத்தில்தான்.

ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்ல, அறிகுறி வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் இருந்தால் போதாது, இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் டீச்சர் படிவம். வாண்டர்பில்ட் படிவம் என்று ஒன்று அனுப்புவோம், அதுவும் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்தான். முதல் ஒன்பது கேள்வி கவனம் பற்றி, அடுத்த ஒன்பது துறுதுறுப்பு பற்றி, ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து மிக அடிக்கடி வரை நாலு கட்டம். எங்களுக்கு வருகிற படிவங்களில் பாதி உபயோகமில்லாதவை, சரசு. பள்ளிக்கூடப் பெயர் கெடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டு ஒரு கட்டு வரும், பையன் டி.சி. வாங்கிப் போனால் போதும் என்று எல்லாவற்றுக்கும் ‘மிக அடிக்கடி’ போட்டு இன்னொரு கட்டு. ஒரு டீச்சர் கீழே ‘சோம்பேறி, கொழுப்பு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். நீ அப்படிச் செய்ய மாட்டாய், தெரியும். ஒரு வாரம் அவனைப் பார்த்துவிட்டுப் போடு. எந்தப் பீரியடில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, என்ன சொன்னால் திரும்பி வருகிறான் என்று ஓரத்தில் இரண்டு வரி எழுது. அந்த இரண்டு வரியை எங்கள் டாக்டர் கட்டாயம் படிப்பார், அவர் அதற்காகவே படிவத்தைத் திருப்பிப் பார்க்கிற ஆள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும். உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் சத்தமே போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் பிள்ளை இருக்கிறாளா என்று பார். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலும் பையன்கள், ஏனென்றால் அவர்கள் டீச்சரைத் தொல்லை செய்கிறார்கள். பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் ஃபெயில் ஆகிற கட்டத்தில் வருகிறார்கள், அல்லது வருவதே இல்லை.

மாத்திரை பற்றி அம்மா கேட்டால், வாசிப்புச் சிக்கலுக்கு மாத்திரையே கிடையாது என்று கட் அன்ட் ரைட்டாகச் சொல். ஏ.டி.ஹெச்.டி. என்று முடிவானால், தேவைப்பட்டால் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து கொடுப்பார்கள், பல பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது, பசி குறையும், அதனால் உயரமும் எடையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுப்பாடு உள்ள மருந்து, எல்லாக் கடையிலும் கிடைக்காது, உங்கள் ஊரில் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

இப்போது அந்தப் பேப்பர். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.ஹெச்.டி. இல்லை. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி எட்டு வயது ஆன பிறகுதான் சான்றிதழ், அப்புறம் 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்க வேண்டும் என்று இருந்தது. மூன்றாம் வகுப்பில் டீச்சர்களே முதல்கட்டமாகப் பார்த்துவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது, எத்தனை பள்ளிக்கூடத்தில் அதைப் படித்திருப்பார்கள் என்று என்னைக் கேட்காதே. பேப்பர் கிடைத்தால் பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் அது ஒரு பிள்ளையைக் காப்பாற்றும், நான் பார்த்திருக்கிறேன், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உன் பையனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு இப்போது வேண்டியது தினமும் அரை மணி நேரம் ஒருவர் கூட உட்கார்வது. நான் இங்கே செய்வதும் அதுதான், மணலில் விரலால் எழுத்தை எழுதவைத்து, எழுதும்போதே வாயால் சொல்லவைத்து, மறைத்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வது. கிரேஸ் ஃபெர்னால்ட் என்ற அம்மா 1921-லேயே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இப்படிப் பிள்ளைகளை வார்த்தைகளை விரலால் தடவவைத்துப் படிக்கவைத்திருக்கிறார். நூறு வருஷம் ஆகியும் இதைவிடக் குறுக்கு வழி எனக்குக் கிடைக்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து வாரம் இரண்டு நாள் அவனை இங்கே யார் கூட்டிக்கொண்டு வருவார்கள்? மாதம் ஒரு தரம் வீடியோவில் நான் உனக்குச் சொல்கிறேன், தினமும் நீ செய். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் ஒருவர் இருப்பார், அவரையும் பிடி, பாவம் ஒருவரே நிறையப் பள்ளிகளுக்கு ஓட வேண்டியிருக்கும். லீவில் சென்னை வந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துகிறார்கள், விசாரித்துச் சொல்கிறேன்.

வரும்போது அவனுடைய போன வருஷ நோட்டும் இந்த வருஷ நோட்டும் கொண்டுவரச் சொல், திருத்தி அழகாக எழுதின காப்பி வேண்டாம், சிவப்பு மை அடித்ததுதான் வேண்டும். கண் பரிசோதனைச் சீட்டு இருந்தால் அதுவும். டெஸ்ட் அன்றைக்குக் காலையில் நன்றாகச் சாப்பிடவைத்துக் கூட்டி வரட்டும், ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்து இறங்கி நேராக உட்காரவைத்தால் எந்த டெஸ்ட்டும் சரியாக வராது. முந்தின நாளே வந்து தங்குவதாக இருந்தால் என் வீட்டில் தங்கட்டும், கூச்சப்பட வேண்டாம் என்று சொல். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு ஓ.பி.யில் நிற்க இடம் இருக்காது. புதன் அல்லது வியாழன் பார்த்து ரிசப்ஷனில் நானே பெயர் போட்டுவைக்கிறேன், தேதி தெரிந்ததும் மெசேஜ் பண்ணு. நீயும் கூட வந்தால் கடலைமிட்டாய் இரண்டு கிலோவாக வாங்கி வா, போன தடவை நீ கொடுத்ததை ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருத்தியே காலி பண்ணிவிட்டாள்.

அன்புடன்,
வசந்தி