சிறு வியாபாரிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகசபை இந்த ஆண்டு ஒன்பது தடவை கூடியது. பொங்கலும் வாணி விழாவும் வழமைபோல் நடந்தன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் தண்ணீர்ப்பந்தல் வைத்தோம்.

நான் விரிவாகச் சொல்ல வேண்டியது துணைத்தொழில் பயிற்சி பற்றி. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஒரே வேலையை நம்பியிருந்த எங்கள் அங்கத்தவர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டபிறகுதான் இதைக் கையில் எடுத்தேன்.

கூலிக்கு மட்டும் அரைத்துவந்த மில்காரர் ஒருவர் இப்போது செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு வாங்கி வறுத்து, கறித்தூள் பைக்கற் போடுகிறார். ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) காலத்தில் ஒடியல் மாவும் உண்டு. மெஷினும் பழையது, வாங்குவோரும் பழைய ஆட்கள். சும்மா கிடந்த பின்னேரங்களில்தான் இப்போது வேலை நடக்கிறது. துணிக்கடைக்காரர் ஒருவரோ கடன் எடுத்து போன் கடை திறந்தார். போன் திருத்தத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. துணிக்கு முதல் போட வேண்டிய காசும் அதற்குள் போய், ஏழு மாதத்தில் பூட்டினார். தெரிந்த தொழிலோடு ஒட்டியதாகப் பாருங்கள் என்று முதலே சொல்லியிருக்கலாம் என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

பயிற்சி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. 62 அங்கத்தவர்களில் முதல் நாள் வந்தவர்கள் 14 பேர். உணவுப் பைக்கற்றில் நிகர நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி போடுவது பற்றி விளக்க பொதுச்சுகாதாரப் பரிசோதகர் வந்த கடைசி நாளில் ஐந்து பேர். வெறுங்கதிரைகளுக்கு முன்னால் அவரை நிறுத்தியது எனக்குப் பெரிய வெட்கம்.

சந்தா மாதம் 200 ரூபா. ஆண்டு முழுவதும் கட்டியவர்கள் 27 பேர்தான். வரவும் செலவும் ஏறக்குறைய சரி, கையில் சிறு மீதி உண்டு. விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். தலைவர், நிர்வாகசபையினர், மண்டபம் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பைக்கற் ஒட்டும் மெஷின் ஒன்றைப் பொதுவில் வாங்க விரும்புகிறேன். தனித்தனியாக வாங்க எல்லோராலும் ஏலாது. விலை கேட்டு வைத்திருக்கிறேன். நிலுவைச் சந்தா வந்தால் முற்பணத்துக்குக் காணும். மீண்டும் என்னைத் தெரிவு செய்தால் மறுக்கமாட்டேன், ஆனால் ஐந்து பேரோடு இந்த வேலையைக் கொண்டுபோக முடியாது. பற்றுச்சீட்டுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும் வழியில் ஒருக்கால் நின்றுவிட்டுப் போங்கள்.

செயலாளர்
யாழ்ப்பாணம்