பட்டியலில் விடுபட்ட பிராட்ஃபோர்டு சிறுவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சிறுவர் நட்பைப் பற்றிய பிரிட்டிஷ் படங்களின் பட்டியல் ஒன்று வந்திருந்தது. நல்ல படங்கள்தான். ஆனால் வடக்கு இங்கிலாந்தின் வறுமைப் படங்களை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டதாகக் கட்டுரையாளர் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போன ஒரு படத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

கிளியோ பர்னார்ட் எழுதி இயக்கி, 2013 அக்டோபரில் இங்கே பிரிட்டனில் திரைக்கு வந்த 'தி செல்ஃபிஷ் ஜயன்ட்' அந்தப் படம். மேற்கு யார்க்‌ஷயரில் நிலத்தடி மின்கேபிள்களை இணைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சினிமா விமர்சனம் எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் இந்தப் படத்தில் வரும் கேபிள் எனக்குத் தெரியும்.

மேற்கு யார்க்‌ஷயரின் பிராட்ஃபோர்டு நகரில் இரண்டு பையன்கள். ஆர்பருக்கு வயது 13. ஏ.டி.எச்.டி. என்ற கவனச்சிதறல், மிகைத்துடிப்புக் கோளாறு உள்ளவன், மாத்திரை சாப்பிடுகிறவன், ஓர் இடத்தில் நிற்காதவன், வாயாடி. ஸ்விஃப்டி உருவத்தில் பெரியவன், குணத்தில் சாது, குதிரைகள் என்றால் உயிர். படம் தொடங்கும்போது ஆர்பர் கட்டிலுக்கு அடியில் கிடந்து வெறி பிடித்தாற்போல் அடித்துக்கொண்டிருக்கிறான். ஸ்விஃப்டி கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். அவன் அடங்குகிறான். இவர்கள் யார், எப்படிப் பழக்கம் என்று இதற்கு மேல் படம் எதுவும் விளக்குவதில்லை. தேவையும் இல்லை.

பள்ளியில் ஸ்விஃப்டியைச் சீண்டுகிறார்கள், ஆர்பர் பாய்கிறான், இருவரும் வெளியேற்றப்படுகிறார்கள். அப்புறம் குதிரை வண்டியில் தெருத்தெருவாகப் பழைய இரும்பு பொறுக்கி, கிட்டன் என்பவனின் காயலான் கடையில் போடத் தொடங்குகிறார்கள். இரும்பில் என்ன கிடைக்கும்? காசு செம்பில்தான் இருக்கிறது என்று ஆர்பர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறான்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 2011 பிப்ரவரியில் லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் செம்பு 10,000 டாலரைத் தாண்டியது. செம்புத் திருடர்கள் ரயில் பாதையோரச் சிக்னல் கேபிள், தொலைபேசிக் கேபிள், கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கிவிடும் துணைமின் நிலையத்தின் எர்த் கம்பி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எர்த் கம்பியைத் திருடினால் திருடனுக்குச் சில பவுண்டு கிடைக்கும். அது தெரியாமல் அடுத்த நாள் காலையில் உள்ளே போய்க் கதவைத் தொடுகிற தொழிலாளியின் உயிர் போகலாம். எங்கள் ஆட்கள் அந்த ஆண்டுகளில் துணைமின் நிலையத்துக்குள் நுழையும்போது முதலில் பார்த்தது கருவிகளை அல்ல, எர்த் கம்பி இருக்கிறதா என்பதைத்தான்.

நிலத்தில் கிடக்கும் கேபிளை வெட்டும் முன், அது செத்த கேபிள்தானா என்று உறுதி செய்ய ஒரு முறை உண்டு. அதன்மேல் ஒரு துப்பாக்கிக் கருவியைப் பொருத்தி, எல்லோரும் விலகி நின்று, தூரத்திலிருந்தே அதை இயக்கி உலோக முனையைக் கேபிளுக்குள் இறக்குவோம். வரைபடம் இருக்கும், சோதனைக் கருவி இருக்கும், அனுபவமும் இருக்கும். அப்படியும் வெறும் கண்ணை நம்பமாட்டோம். சத்தமில்லாமல் கிடக்கும் கேபிளில் 11,000 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கலாம், பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆகவே அந்தப் பையன்கள் கேபிளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கியது. பனிமூட்டத்தில் குதிரைகள் மேய்கின்றன, பின்னால் ராட்சத மின்கோபுரங்கள் நிற்கின்றன. இந்த நாட்டில் அப்படிப்பட்ட கம்பிகளில் 400,000 வோல்ட் வரை போகும். ஒளிப்பதிவாளர் மைக் எலி அதை அழகாகத்தான் எடுத்திருக்கிறார். என்னால் அழகை மட்டும் பார்க்க முடியவில்லை.

ஆனால் அந்த நட்புக்கு ஆபத்து மின்சாரத்திலிருந்து வரவில்லை. கட்டுரையாளர் நினைப்பதுபோல் வெறும் வறுமையிலிருந்தும் வரவில்லை. கிட்டன் அந்த இருவரையும் தராசில் வைத்துப் பார்க்கிறான். அங்கேதான் விரிசல் தொடங்குகிறது. சாலையில் பந்தயம் விட அவனிடம் ஒரு குதிரை இருக்கிறது. அதை ஓட்டத் தெரிந்த கை ஸ்விஃப்டியிடம் இருக்கிறது. ஆகவே ஸ்விஃப்டிக்கு மதிப்பு. எவ்வளவு செம்பு கொண்டுவந்து கொட்டினாலும் ஆர்பர் வெறும் பொறுக்கிதான். அதுவரை எதையும் கணக்குப் பார்க்காமல் பகிர்ந்துகொண்டவர்கள் நடுவில் பொறாமை நுழைகிறது. ஆர்பர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்கிறான், அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று. முடிவை நான் சொல்லப்போவதில்லை.

அதிகாலையில் நெடுஞ்சாலையில் நடக்கும் அந்தக் குதிரைப் பந்தயத்தை மட்டும் பெரிய திரையில் பார்க்காமல் போனேனே என்று இருக்கிறது. குதிரைகளுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டிகள் வரிசையாகத் துரத்துகின்றன. அத்தனை கூச்சலிலும் படம் அந்தப் பையன்கள் முகத்தை விட்டு நகர்வதில்லை. ஆர்பராக வரும் கானர் சாப்மன், ஸ்விஃப்டியாக வரும் ஷான் தாமஸ் இருவரும் அதற்கு முன் படத்தில் நடித்தவர்கள் இல்லை என்றால் நம்புவது கஷ்டம்.

நம் வீடுகளில் பேச வேண்டிய இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. ஸ்விஃப்டியின் அம்மா, அவன் ஆர்பரோடு சேரக் கூடாது என்கிறாள். கிராமர் பள்ளியில் சேர்வதற்கான 11 வயதுத் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார் செய்துகொண்டே "அந்தப் பையனோடு என்ன பேச்சு?" என்று கேட்ட தமிழ்ப் பெற்றோர் இந்த ஊர்களில் எத்தனை பேர்! படம் அந்த அம்மாவை வில்லியாக்கவில்லை. அவள் பயம் நியாயமானது. ஆர்பருக்கு அவனை விட்டால் வேறு நாதியில்லை என்பதும் நியாயமானது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்ள வைப்பது லேசான காரியமா? அந்த அம்மாவாக நடித்த சிஓபான் ஃபின்னரன் அதிகம் பேசாமலேயே அதைச் செய்துவிடுகிறார்.

பெயர் ஆஸ்கர் வைல்டு 1888இல் வெளியிட்ட கதையிலிருந்து வந்தது. தோட்டத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் குழந்தைகளை விரட்டும் அரக்கனின் கதையை நம் வாசகர்கள் பலர் பள்ளியிலேயே படித்திருப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட வேண்டாம். தணிக்கைச் சான்று 15. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. பிராட்ஃபோர்டு பேச்சு வேறு. இத்தனை வருடம் இங்கே இருந்தும் நான் சப்டைட்டில் போட்டுத்தான் பார்த்தேன்.

இந்தப் படம் ஏன் மறந்துபோனது? தகுதி இல்லாமல் இல்லை. 2013 கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் திரையிடப்பட்டு, 'யூரோப்பா சினிமாஸ்' விருது பெற்றது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவில் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான போட்டியிலும் இருந்தது. அந்தப் பரிசு யாருக்குப் போனது தெரியுமா? ஹாலிவுட் நட்சத்திரங்கள் விண்வெளியில் மிதக்கும் 'கிராவிட்டி'க்கு! இங்குள்ள ஸ்டூடியோவில் எடுத்ததால் அதுவும் பிரிட்டிஷ் படமாம். சட்டப்படி சரியாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் சிரிப்பாகத்தான் வருகிறது.

சட்டம் என்றதும் இன்னொன்று. 16 வயதுக்குக் கீழே தெரியும் ஒருவரிடமிருந்து காயலான் கடைக்காரர் உலோகம் வாங்குவது 1964ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றமாக இருந்தது. 2012 டிசம்பரிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரொக்கம் கொடுத்து வாங்கவும் தடை வந்தது. 2013 அக்டோபரில், இந்தப் படம் வெளிவந்த அதே மாதத்தில், இன்னும் கடுமையான புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. கிட்டன் செய்வது எல்லாமே எப்போதோ தடை செய்யப்பட்டவை. அந்தப் பையன்களைத் தேடி அந்தச் சட்டம் ஒரு தடவையாவது அந்தத் தெருவுக்கு வந்ததா என்று படம் பார்க்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

பர்னார்ட் இதற்கு முன் 2010இல் 'தி ஆர்பர்' எடுத்தார். பிராட்ஃபோர்டின் பட்டர்ஷா குடியிருப்பில் வளர்ந்து, 1990இல் 29 வயதில் இறந்துபோன நாடக ஆசிரியை ஆண்ட்ரியா டன்பாரைப் பற்றிய படம் அது. அதற்காக அந்தப் பகுதியில் சுற்றியபோது பழைய இரும்பு பொறுக்கும் பையன்களைப் பார்த்ததில் பிறந்ததுதான் இந்தப் படம். தூரத்திலிருந்து பரிதாபப்பட்டு எடுத்தது இல்லை. 2009இல் உலகின் முதல் திரைப்பட நகரம் என்று யுனெஸ்கோ பிராட்ஃபோர்டுக்குப் பட்டம் கொடுத்தது. 2025இல் பிரிட்டனின் கலாசார நகரமும் அதுவே. அந்த ஊரில் பிறந்த இந்தப் படத்துக்கு நம் ஞாயிறு இணைப்பில் நாலு வரி இடமில்லையா?

அடுத்த பட்டியலில் இதைச் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோர் மேல்வகுப்பு மாணவர்களுக்கு, பெற்றோரையும் பக்கத்தில் உட்கார வைத்து, இதை ஒரு முறை திரையிடலாம். மேற்கு யார்க்‌ஷயரில் யாராவது ஏற்பாடு செய்தால், படம் முடிந்த பிறகு கேபிளைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல நான் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்கேபிள் தொழிலாளி,
மேற்கு யார்க்‌ஷயர்.

பி.கு.: அறுந்து கிடக்கும் மின்கம்பியையோ திறந்து கிடக்கும் துணைமின் நிலையக் கதவையோ கண்டால் கிட்டே போகாமல் 105 என்ற எண்ணை அழைக்கவும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முழுவதும் இலவசம். கடிதத்தைச் சுருக்கினாலும் இந்த வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.