முதல் முறை பகடை உருட்டப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நண்பர்கள் சிலர் வரும் சனிக்கிழமை ஒன்றுகூடி, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் கேம் ஆடப்போவதாகவும், உன்னையும் அழைத்திருப்பதாகவும், வர இயலாது என்று சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். திரையில் எழுத்து வழியாக ஆடும்போது யோசித்து, அழித்து, திருத்தி அனுப்பிப் பழகிய உனக்கு, ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, நான்கைந்து பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேறொருவராகப் பேசுவது எவ்வளவு அச்சம் தரும் என்பதை நான் அறிவேன். எனக்கும் சபையில் எளிதில் பேச்சு வராது. அந்தக் கூச்சத்தோடுதான் நானும் ஒரு நாள் அப்படியொரு மேசையில் போய் உட்கார்ந்தேன்.

அன்று இருபது முகப் பகடையை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்ததில், அதன் விளிம்புகள் தோலில் சிறு சிறு முக்கோணங்களாகப் பதிந்துவிட்டன. ஒரு மணி நேரத்திற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் பாழடைந்த ஒரு கோட்டைக்குள் எந்த வழியாக நுழைவது என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தை நடத்திய கேம் மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் நான் திகைத்துப் போயிருப்பேன். அவர் கேட்டது, "விளக்கு யார் கையில் இருக்கிறது?" என்பதுதான். என் கதாபாத்திரத்தின் விவரத் தாளான கேரக்டர் ஷீட்டில் எழுதியிருந்த பொருள்களுள் விளக்கும் ஒன்று என்பதால், "என்னிடம்" என்றேன். காவலன் படியிறங்கி வருவதாகவும், வெளிச்சம் அவன் கண்ணில் படக்கூடும் என்றும் அவர் சொன்னார். "என் கதாபாத்திரம் விளக்கை அணைத்துவிடுகிறான்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் உடனே குரலைத் தாழ்த்தி, உண்மையிலேயே இருட்டில் நிற்பவரைப்போலக் கிசுகிசுக்கத் தொடங்கினார். அன்று முழுவதும் நான் பேசியதைச் சேர்த்தால் பத்து வாக்கியம் தேறாது. ஆனால் அந்த அறைக்குள் வந்த இருட்டு நான் கொண்டுவந்தது.

நான் சொன்ன வாக்கியத்தைக் கவனித்தாயா? "அணைத்துவிடுகிறான்" என்று படர்க்கையில்தான் சொன்னேன். குரலை மாற்றி நடித்தால்தான் ஆட்டம் என்று நீ எண்ணியிருக்கிறாய். அப்படி நடிப்பவர்கள் உண்டு, அவர்களைக் கேட்பது எனக்கும் பிடிக்கும். ஆனாலும் உன் கதாபாத்திரம் என்ன செய்கிறாள், என்ன சொல்கிறாள் என்று ஒரு கதையைச் சொல்வதுபோல் சொன்னாலே முழுமையாக ஆடியதாகிவிடும். இந்த ஆட்டம் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அவற்றில் ஒருவரே ஒரு படையை நடத்துவார். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒருவர் பொறுப்பில் ஒரே ஒரு ஆள் வந்தார். மேசை முழுவதையும் நீ சுமக்க வேண்டியதில்லை. அந்த ஒருத்திக்கு அடுத்து என்ன தேவை என்பதை மட்டும் யோசித்தால் போதும்.

கூச்சமுள்ளவர்களுக்கென்றே வைத்ததுபோல் ஒரு விதியும் இருக்கிறது. அதே ஆட்டத்தின் 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பைத்தான் உன் நண்பர்கள் ஆடுவதாக எழுதியிருந்தாய். அதில் ஒரு செயல் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். ஒரு பூட்டைத் திறக்க மொத்தம் 15 வேண்டும், விழுந்த எண்ணோடு முயல்பவருக்குத் திறமைக்கென்று 3 கூடுகிறது என்று வைத்துக்கொள். பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு நூற்றுக்கு 45. அப்போது நீ, "நான் உதவுகிறேன், பூட்டருகே விளக்கைப் பிடிக்கிறேன்" என்று சொன்னால், கேம் மாஸ்டர் அதை ஏற்கும் பட்சத்தில், பூட்டைத் திறக்க முயல்பவர் இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு ஏறக்குறைய 70 ஆகிவிடும். யாரும் உன்னைத் திரும்பிப் பார்க்காமலே ஆட்டத்தின் போக்கை நீ மாற்றியிருப்பாய்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இரு. கூச்சமுள்ளவர்கள் பெரும்பாலும் யாரோடும் ஒட்டாத, வாய் திறவாத ஒருவரையே கதாபாத்திரமாக உருவாக்குகிறார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பல வாரங்கள் அதனால் மூலையிலேயே இருந்தேன். உன் மௌனத்தோடு அவளுடைய மௌனமும் சேர்ந்தால், உன்னிடம் பேச மற்றவர்களுக்கு வழியே இருக்காது. எதையும் தொட்டுப் பார்க்கும் ஆவல் உள்ளவளாக அவளை ஆக்கு. அல்லது மேசையில் உனக்குப் பழக்கமான தோழியின் கதாபாத்திரத்திற்குத் தங்கையாக்கு. "அக்கா எங்கே போகிறாளோ அங்கே நானும் போகிறேன்" என்று சொல்ல உனக்குத் தயக்கம் இருக்காது.

மந்திரவாதியை இப்போதைக்கு எடுக்காதே. மந்திரப் பட்டியலைப் புரட்டும்போது எல்லோரும் காத்திருக்கிறார்களே என்ற பதற்றம் வரும். கதாபாத்திர வகைகளில் போர்வீரரே தொடக்கத்திற்கு எளிது. விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், அங்கே கேட்டுக்கொள்ளலாம். சில மேசைகளில் எக்ஸ் என்று எழுதிய அட்டை ஒன்றை நடுவில் வைப்பார்கள். மனம் ஒப்பாத காட்சி வந்தால் அதைத் தொடு, காரணம் கேட்காமல் கதையை வேறு பக்கம் திருப்புவார்கள். இவை எல்லாவற்றையும்விட, ஆட்டத்தை நடத்துபவரிடம் முன்கூட்டியே, "எனக்குப் பேச்சு வரச் சற்று நேரமாகும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடு. நல்ல கேம் மாஸ்டர் உனக்காக விளக்கைப் போன்ற ஒரு கேள்வியை வைத்திருப்பார்.

அந்தப் பழைய பகடையை இக்கடிதத்தோடு அனுப்புகிறேன். எண்களின் வெள்ளைப் பூச்சு சில முகங்களில் உதிர்ந்துவிட்டது; 6-க்கும் 9-க்கும் கீழே உள்ள சிறு கோடுகளும் மங்கிவிட்டன, உருட்டியதும் உற்றுப் பார்த்துச் சொல். ஞாயிற்றுக்கிழமை எழுது. அவளுக்கு என்ன பெயர் வைத்தாய் என்று முதலில் அதைச் சொல்.

அன்புடன்,
அப்பா