புகார் கடிதம்: ஊசிக்குப் பணம் வாங்கினீர்கள், உடற்பயிற்சி சொல்லித் தரவில்லை

அனுப்புநர்
உங்கள் கும்பகோணம் கிளையில் சிகிச்சை பெற்ற நோயாளியின் மகள்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.
(பெயர், முகவரி, நோயாளி பதிவு எண் இணைப்பில் உள்ளன)

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
மூட்டுவலி சிகிச்சை நிறுவனம், தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு முறையான பிசியோதெரபி தராமல் ஊசியும் மெஷினும் மட்டும் வைத்தது, பொய்யான விளம்பரம், மீதிப் பணத்தைத் தர மறுத்தது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் அம்மாவின் முழங்கால் வலிக்காக உங்கள் கும்பகோணம் கிளையில் 24,000 ரூபாய் முன்கூட்டியே கட்டினோம். ரசீதில் "பிசியோதெரபி மற்றும் டிரை நீட்லிங் பேக்கேஜ்" என்று போட்டிருக்கிறது. டிரை நீட்லிங் என்பது மருந்து இல்லாத மெல்லிய ஊசியைத் தசையில் குத்துவது. இதில் பிசியோதெரபி என்ற பாதி எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. பேக்கேஜைப் பாதியில் நிறுத்திவிட்டு, நடக்காத சிட்டிங்குகளுக்கான பணத்தைக் கேட்டபோது, "பேக்கேஜ் போட்டா ரிட்டர்ன் கிடையாதும்மா" என்று கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிளை மேலாளருக்கு எழுதிய கடிதத்துக்கும் பதில் வரவில்லை. ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 63 வயது. சிறு வயதிலேயே வயலில் இறங்கியவர். குறுவை, சம்பா, தாளடி என்று எந்தப் பட்டத்திலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகாமல் இருந்ததில்லை. நடவு வேலையை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்பை வளைத்து, முழங்காலைப் பாதி மடக்கியபடி, சேற்றில் புதைந்த காலை ஒவ்வொரு அடிக்கும் பிடுங்கிப் பின்னால் வைத்துப் போக வேண்டும். குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் பல வருடம் வேலை செய்கிறவர்களுக்கு முழங்கால் மூட்டு தேய்கிற வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். எங்கள் தெருவில் அம்மா வயதுடைய பெண்களில் தொடையில் கையை ஊன்றாமல் எழுந்திருப்பவர்கள் குறைவு. உங்கள் நிறுவனம் டெல்டாவில் கிளை திறந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கிருத்திகைதோறும் சுவாமிமலையின் அறுபது படியையும் ஏறியவர், கீழே மீனாட்சி சுந்தரேசுவரர் சன்னதியோடு திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார். டவுன் பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்கவே யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரையும் உண்டு. வலி மாத்திரையைத் தொடர்ந்து போடக் கூடாது என்று இதய மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படி வழி அடைபட்டு நின்றபோதுதான் உங்கள் துண்டறிக்கை கைக்கு வந்தது. "ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை வேண்டாம், தேய்ந்த ஜவ்வை மீண்டும் வளரச் செய்யும் ஊசி சிகிச்சை" என்று அதில் அச்சடித்திருந்தீர்கள். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முதல் நாள் அம்மாவைப் பார்த்தவர் மருத்துவரும் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டும் இல்லை. "கவுன்சிலர்" என்று அட்டை மாட்டிய ஒரு பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பும் எலும்பும் உரசுது பாருங்கம்மா, இப்ப விட்டா ஆபரேஷன்தான்" என்றார். அம்மாவை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. முழங்காலைத் தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்க்கவில்லை. தொடைத் தசையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று சோதிக்கவில்லை. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்தின் அளவும் ஒருவர் அனுபவிக்கும் வலியின் அளவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டோடு நன்றாக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்கோ அன்று அந்த வாக்கியத்தைக் கேட்டதிலிருந்து நடக்கவே பயம் வந்துவிட்டது. நடந்தால் மேலும் தேய்ந்துவிடும் என்று வீட்டுக்குள்ளேயே முடங்கினார். உங்கள் ஆள் சொன்ன ஒரு வார்த்தை செய்த கெடுதல் இது. இதற்கு எந்த ரசீதும் இல்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. விரலைக் காட்டி இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அம்மாவே வாய் திறந்து "ஹார்ட்டுக்கு மாத்திரை போடுறேன்" என்று சொன்னதற்கு, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா" என்று பதில் வந்தது. சம்பந்தம் இருக்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவருக்கு ஊசி குத்தினால் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு கூடுதல். சர்க்கரை உள்ளவருக்குத் தொற்றுப் பயமும் உண்டு. அதனால் சிகிச்சையே கூடாது என்பதல்ல, முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு கவனமாகச் செய்ய வேண்டும். இரண்டாவது சிட்டிங் முடிந்த அன்று இரவு அம்மாவின் இடது தொடை உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிக் கறுத்துப்போனது. புகைப்படம் இணைப்பில் இருக்கிறது. போன் செய்தால் "ஐஸ் வைங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் நடந்தது இதுதான்: கொஞ்ச நேரம் கரண்ட் வைப்பார்கள், அல்ட்ராசவுண்ட் தேய்ப்பார்கள், பிறகு ஊசி. அம்மா படுத்தே இருப்பார். வேலை செய்தது மெஷின்தான். உடற்பயிற்சி எப்போது என்று நான் கேட்டதற்கு, கடைசியில் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார்கள். அதுவும் ஆங்கிலத்தில், வெள்ளைக்காரப் படங்களோடு. பாதிப் பயிற்சி தரையில் உட்கார்ந்து செய்வது. தரையில் உட்கார முடியாமல்தானே அம்மா உங்களிடம் வந்தார்?

ஊசியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஊசி போட்ட அன்றும் மறுநாளும் "காலு கொஞ்சம் லேசா இருக்கும்மா" என்று அம்மாவே சொன்னார். அந்தச் சுகம் பிறகு நீடிக்கவில்லை என்பது வேறு. என் தம்பி மகள் பிசியோதெரபி படிக்கிறாள். அவள் எடுத்துக் கொடுத்த ஆய்வுகளைப் படித்த பிறகுதான் உங்கள் மேல் கோபம் வந்தது. ஜெர்மனியில் முழங்கால் தேய்மானம் உள்ள ஆயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில், முறையான அக்குபங்சர் ஊசி போட்டவர்களும், புள்ளி மாற்றிப் போலியாகப் போட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினார்கள். இரு தரப்பும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 282 பேரிடம் நடத்திய 2014 ஆய்வில் உண்மை ஊசி போலி லேசர் சிகிச்சையைவிட மேலாக இல்லை. நீங்கள் போடும் டிரை நீட்லிங் விஷயத்தில், ஸ்பெயினில் 62 முதியவர்களிடம் நடந்த ஆய்வில் உடற்பயிற்சியோடு ஊசியும் சேர்த்தவர்கள் கூடுதலாக எதுவும் பெறவில்லை. அமெரிக்காவில் 242 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஊசியில் மின்சாரம் கொடுத்துப் போட்டபோது மூன்று மாதத்தில் கூடுதல் பலன் தெரிந்தது.

முடிவுகள் இப்படி முன்னும் பின்னுமாக இருக்கின்றன. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் அக்குபங்சரை நிபந்தனையோடு ஏற்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டுதல் அக்குபங்சரும் வேண்டாம், டிரை நீட்லிங்கும் வேண்டாம், கரண்ட், அல்ட்ராசவுண்ட் போன்ற மின்சிகிச்சையும் வேண்டாம் என்கிறது. இதில் அறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். ஆனால் டிரை நீட்லிங் பற்றிய மேற்சொன்ன இரண்டு ஆய்விலும் ஊசி போட்டவர், போடாதவர் எல்லோருக்குமே உடற்பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஊசியை அதன் மேல்தான் சேர்த்துப் பார்த்தார்கள். நீங்கள் அடியில் இருந்ததை எடுத்துவிட்டு மேலே இருந்ததை மட்டும் விற்றிருக்கிறீர்கள். என் புகாரின் சாரம் இதுதான்.

ஜவ்வு வளரும் என்று சொன்னது இன்னும் மோசம். உங்கள் ஊசி போவது தசைக்குள். மூட்டின் ஜவ்வை அது எட்டுவதே இல்லை. தசை இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம், வலியைக் கொஞ்ச நாளுக்குக் குறைக்கலாம். தேய்ந்த ஜவ்வை ஊசி குத்தி வளர்க்க முடியும் என்று எந்த வழிகாட்டுதலும் சொல்லவில்லை. ஆபரேஷன் பயத்தில் இருக்கும் ஒரு கூலிக்காரப் பெண்ணிடம் அதைச் சொல்லிப் பணம் வாங்குவது பொய் சொல்லிப் பணம் வாங்குவதுதான்.

உடற்பயிற்சி விஷயத்தில் மட்டும் இந்த வழிகாட்டுதல்களுக்குள் சண்டையே இல்லை. எல்லோருமே அதைத்தான் முதலில் வைக்கிறார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிட பிசியோதெரபி பெற்றவர்கள் ஒரு வருடம் கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் தெளிவாக மேலாக இருந்தார்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மேல் இறங்கும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் கைத்தடி பிடிப்பது, வலிநிவாரண ஜெல் தடவுவது என்று அதிகச் செலவில்லாத, அம்மாவின் இதயத்துக்குப் பெரிய பயமில்லாத வழிகள் இருக்கின்றன. இதில் ஒன்றைக்கூட உங்கள் கிளையில் எங்களுக்குச் சொல்லவில்லை.

அதைச் சொன்னது யார் தெரியுமா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் ஊருக்கு வரும் பிசியோதெரபிஸ்ட். 2021-இல் தொடங்கிய அரசுத் திட்டம் அது. அந்தத் தம்பி ஒரு பைசா வாங்காமல் வீட்டுத் திண்ணையில் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னார். முதலில் முடியவில்லை. நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிவிட்டு மறுபடி எழச் சொன்னார். பிறகு கட்டிலில் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, "துண்டை அமுக்குங்கம்மா, அஞ்சு எண்ணுங்க, விடுங்க" என்று தொடைத் தசையை இறுக்கப் பழக்கினார். காலை நீட்டியபடி தூக்கி இறக்குவது, வாசற்படியில் ஒரு படி ஏறி இறங்குவது என்று மெல்ல மெல்லக் கூட்டினார். பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாளும் அதிகமாக இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அளவும் சொன்னார். நடந்தால் தேய்ந்துவிடும் என்ற பயத்தைப் போக்கவே அவருக்கு நிறைய நேரம் ஆனது. அந்தப் பயத்தைக் கொடுத்தது உங்கள் கிளை.

அம்மாவுக்கு வலி முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் கஷ்டப்படுகிறார். தரையில் இன்னும் உட்காருவதில்லை, அரிவாள்மனையை விட்டுவிட்டு மேசையில் வைத்துத்தான் காய் நறுக்குகிறார். ஆனால் பஸ்ஸில் யார் கையும் பிடிக்காமல் ஏறுகிறார். இந்தப் பயிற்சியை உங்கள் ஆட்களும் சொல்லித் தந்திருக்க முடியும். அதற்குத்தான் 24,000 ரூபாய் வாங்கினீர்கள்.

பணம் கேட்கப் போன அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மீதித் தொகையைத் தர முடியாது, வேண்டுமானால் அதைக் கழித்துக்கொண்டு பிஆர்பி ஊசி பேக்கேஜுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்து மூட்டுக்குள் போடும் அந்த ஊசியை, நான் மேலே சொன்ன அதே 2019 அமெரிக்க வழிகாட்டுதல் முழங்கால் தேய்மானத்துக்கு வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது. அம்மாவின் ஸ்டென்ட் பற்றி அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது: நடக்காத சிட்டிங்குகளுக்கான தொகை முழுவதும், நடந்த சிட்டிங்குகளில் பிசியோதெரபி என்று கணக்கில் எழுதி வழங்காமல் விட்ட பகுதிக்கான தொகையும் அம்மாவின் வங்கிக் கணக்கில் திரும்ப வர வேண்டும். சிகிச்சைக் குறிப்புகளின் நகல் வேண்டும். யார் ஊசி போட்டார்கள், அவருடைய படிப்பும் பதிவும் என்ன என்பது அதில் இருக்க வேண்டும். மருத்துவர்களுக்கான நடத்தை விதிகள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரச் சொல்கின்றன. "ஜவ்வு வளரும்" என்ற வாசகத்தைத் துண்டறிக்கையிலிருந்தும் கிளை வாசல் பலகையிலிருந்தும் எடுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அச்சடியுங்கள். ஊசி போடும் முன் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை பற்றிக் கேட்டு எழுதிக்கொள்வதைக் கட்டாயமாக்குங்கள். கடைசி இரண்டும் எங்களுக்குப் பயன்படப் போவதில்லை. நாளை வரிசையில் உட்காரப் போகும் அடுத்த அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

பணம் வாங்கிச் செய்யும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குறைபாடான சேவையை நிறுத்தி உரிய காலத்துக்குள் பணத்தைத் திருப்பித் தராமல் இருப்பது முறையற்ற வணிக நடைமுறை. ஆகவே "ரிட்டர்ன் கிடையாது" என்ற உங்கள் கவுன்டர் வாசகம் சட்டத்துக்கு மேலானது அல்ல. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும், தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் பதிவு செய்வோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

பதிலைத் தமிழில் அனுப்புங்கள். அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, துண்டறிக்கை, ஒப்புதல் படிவத்தின் நகல், தொடையில் ரத்தக்கட்டு ஏற்பட்ட புகைப்படம், ஆங்கிலப் பயிற்சித் தாள், கிளை மேலாளருக்கு அனுப்பிய கடிதத்தின் நகலும் பதிவு அஞ்சல் ரசீதும்.