கூறியது யார், ஆசிரியரே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஆன்மிக இணைப்பில் திருநள்ளாறு சனீஸ்வரன் கோயில் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நடுவே ஒரு வரி: கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்துவிடுவதை நாசா விஞ்ஞானிகளே கண்டு வியந்ததாகக் 'கூறப்படுகிறது'. கூறியது யார்? இது எத்தனை வருடமாகச் சுற்றுகிற கதை என்று தங்களுக்குத் தெரியாததா?

நான் அம்பகரத்தூரில் 22 வருடம் கேபிள் டிவி நடத்தியவன். திருநள்ளாறு எனக்கு சைக்கிளில் போய்வருகிற ஊர். மொட்டைமாடியில் நான்கு டிஷ் வைத்திருந்தேன். ஒன்றுகூடக் கோயில் கோபுரத்தைப் பார்த்து நின்றதில்லை. டிவி செயற்கைக்கோள் இருப்பது தெற்கே, பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில். சீரியல் நேரத்தில் மூன்று விநாடி படம் நின்றிருந்தால் பாதித் தெரு என் வாசலில் நின்றிருக்கும். 2017 சனிப்பெயர்ச்சியை நேரலையில் காட்டினார்களே, அந்தப் படம் கோயில் பக்கத்தில் நின்ற டிவி வேனிலிருந்து எதன் வழியாகப் போனதாம்?

தாழப் பறக்கிற செயற்கைக்கோள் என்பீர்கள். சரி, அது விநாடிக்கு ஏழு கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. நீங்கள் சொல்லும் மூன்று விநாடியில் காரைக்காலையே தாண்டிக் கடலுக்கு மேல் போயிருக்கும்.

தடங்கல் வந்ததே இல்லை என்று சொல்லவில்லை. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். அப்போது சில நிமிடம் படம் பொரிபொரியாகி, சத்தம் இரைந்து, அப்புறம் தானாகச் சரியாகும். அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பீர்களா? தகப்பனார் சூரியன் செய்கிற வேலைக்குப் பிள்ளை சனி பேரில் பழி.

இது முதல் தடவையும் அல்ல. 1995-ல் பிள்ளையார் பால் குடித்தார் என்று பெரிய எழுத்தில் போட்டீர்கள். பரப்பு இழுவிசை என்று விஞ்ஞானிகள் சொன்னது உள்பக்க மூலையில் வந்தது. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்துக்கு, தாம்பாளத் தண்ணீரில் உலக்கை நின்ற 'அதிசயம்'. கிரகணம் முடிந்து நான்காம் நாள் எங்கள் கூடத்தில் அதே மாதிரி உலக்கையை நிறுத்தினேன். அடிப்பூண் தட்டையாக இருந்தால் என்றைக்கும் நிற்கும். படம் எடுத்து அனுப்பினேன். 'இடமின்மையால் வெளியிட இயலவில்லை' என்று பதில் வந்தது. உலக்கைக்கு இருந்த இடம் எனக்கு இல்லை.

என்னை நாத்திகன் என்று எண்ண வேண்டாம். ஏழரையில் நள தீர்த்தத்தில் முழுகி எழுந்தவன்தான். சனீஸ்வரனுக்கு நாசா சான்றிதழ் எதற்கு? கட்டுரை முழுக்கத் தேடினேன், மூலவரான சிவன், தர்ப்பாரண்யேசுவரர் பெயரே இல்லை!

கவுன்சிலர் மீது புகார் என்றால் நாலு பேரைக் கேட்காமல் நீங்கள் அச்சேற்றுவதில்லை. நாசாவுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது.

அடுத்த இணைப்பில், அதே பக்கத்தில், நாலு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். மூலவர் பெயரையும் சேர்த்து.

இப்படிக்கு,
பழைய கேபிள்காரன்,
அம்பகரத்தூர்.