பட்டுப்போன குச்சியின் நுனியில்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பறந்துகொண்டே இரை பிடிப்பதில் தும்பிக்கு நிகரான பூச்சி இல்லை என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். ஆமோதித்துப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் பூங்காவில் கண்ட ஒரு காட்சி என்னை யோசிக்க வைத்துவிட்டது, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவின் ஓரத்தில், புல் முளைக்காத வெற்றுத் தரைக்குப் பக்கத்தில், பட்டுப்போன குச்சி ஒன்று முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. அதன் நுனியில் சாம்பல் நிறப் பூச்சி ஒன்று, ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களுமாக, வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. குளவி என்றுதான் முதலில் நினைத்தேன். திடீரென்று எழும்பிய அது, மேலே பறந்துபோன ஒரு தேனீயைக் கால்களால் அணைத்துப் பிடித்து, அதே குச்சிக்கே திரும்பி வந்து அமர்ந்தது. நெருங்கிப் பார்த்தபோது அதற்கு இறக்கைகள் இரண்டே இருந்தன; குளவிக்கு நான்கு உண்டல்லவா? கொள்ளைக்கார ஈ என்பது அப்போதுதான் புரிந்தது.

தேனீயின் கால்கள் சிறிது நேரம் உதைத்து அடங்கின. இந்த ஈ தன் கூரிய உறிஞ்சுகுழலை இரையின் உடலில் குத்திச் செலுத்தும் உமிழ்நீர், முதலில் இரையைச் செயலிழக்கச் செய்கிறது. பிறகு உள்ளுறுப்புகளைக் கரைத்துவிடுகிறது. கரைந்ததை அது உறிஞ்சிக்கொள்கிறது. முகத்தில் தாடியைப் போல் அடர்ந்திருக்கும் விறைப்பான மயிர்கள், துள்ளும் இரையிடமிருந்து முகத்தைக் காக்கும் கேடயம். இரண்டு பெரிய கண்களுக்கும் நடுவே உச்சந்தலை பள்ளமாகக் குழிந்திருப்பதையும் பார்த்தேன். இந்தக் குடும்பத்துக்கே உரிய அடையாளம் அது. குச்சியின் அடியில் குனிந்து தேடியபோது, உள்ளே ஒன்றுமில்லாத வண்டுக்கூடு ஒன்றும் சிறு ஈக்களின் வெற்றுடல்களும் கிடந்தன. உள்ளங்கையில் எடுத்து வைத்தேன், எடையே தெரியவில்லை.

அசிலிடே எனப்படும் இக்குடும்பத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் ஹோல்கோசெஃபாலா என்னும் பேரினத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு சிறிய ஈயைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தூண்டில் நரம்பில் கோத்த சிறு மணியை அவர்கள் நகர்த்த, ஈ அதை இரையென்று எண்ணிப் பாய்ந்திருக்கிறது. இரையின் பின்னால் துரத்திக்கொண்டு ஓடாமல், இரை எந்த இடத்துக்கு வரப்போகிறதோ அந்த இடத்தை நோக்கியே அது பறக்கிறது; சுமார் 29 சென்டிமீட்டர் நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, இரையின் வேகத்தோடு தன் வேகத்தைப் பொருத்திக்கொண்டு பிடிக்கிறது. பார்வைக் கூர்மையில், தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய தும்பிகளோடு அது போட்டியிடுகிறதாம். தும்பியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இந்த ஈக்கும் ஓர் இருக்கை போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தேனீயைக் கொன்றதே என்று மனம் வருந்தியது உண்மை. ஆனாலும் குளவி, வெட்டுக்கிளி, வண்டு, பிற ஈக்கள் என்று அகப்பட்டதையெல்லாம் பிடிக்கும் அதனிடம் தேனீக்கு மட்டும் விலக்கு கேட்பது நியாயமாகப் படவில்லை. அதன் புழுக்களும் மண்ணிலோ மட்கிய மரத்திலோ வாழ்ந்து, பல இனங்களில், வண்டுப் புழுக்களைத் தின்கின்றன. இதனால்தான், பூங்காவைத் துப்புரவாக்குவதாகச் சொல்லி உலர்ந்த குச்சிகளையும் விழுந்த மரத்துண்டுகளையும் அள்ளிச் செல்வதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. தோட்டக்காரரை அழைத்து, தேனீயோடு உட்கார்ந்திருந்த ஈயைக் காட்டினேன். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, அந்தக் குச்சியையும் பக்கத்தில் கிடந்த மட்கிய கட்டையையும் விட்டுவைப்பதாகச் சொன்னார்.

நேற்றும் போனேன், குச்சி இருக்கிறது, அதன் நுனியில் ஈயும் இருக்கிறது. நீங்கள் நடக்கப்போகும் இடத்திலும் வெயில் ஏறிய நேரத்தில் உலர்ந்த குச்சிகளின் நுனியைச் சற்று நின்று பாருங்கள். கையால் மட்டும் பிடிக்க வேண்டாம், வலிக்கும்படி குத்திவிடும். கண்டால் அது எதைப் பிடித்து வைத்திருந்தது என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்